வேனுக்கு ஒண்ணும் ஆகல, கழுத்து மட்டும் எப்படி வலிக்கும்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படிங்க. வீட்டில் கார் ஓட்டுறவங்க, மோட்டாரில் வேலைக்குப் போறவங்க இருந்தால் அவங்களுக்கும் காட்டுங்க.

நம்ம கோயில் அன்னதானச் சமையலைப் பல வருஷமாகப் பார்த்துக்கொள்ளும் அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதத்துக்கும் மேலாக அவர் கரண்டி பிடிக்கவில்லை. நிறைய பேர் அக்கறையோடு விசாரித்தீர்கள், நன்றி. சிலர் வேறு மாதிரியும் பேசினார்கள். "வேன் பம்பர்ல ஒரு கீறல்கூட இல்ல, அதுக்குள்ள கழுத்து வலியாம். எல்லாம் இன்சூரன்ஸ் காசுக்குத்தான்." செருப்பு விடும் இடத்தில் ஆரம்பித்த இந்தப் பேச்சு சமையல்கட்டு வழியாக அக்கா காதுக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு மூன்று வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை. மழையானாலும் வெயிலானாலும் வெள்ளிக்கிழமை தவறாத ஆள் அவர்.

அக்காவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். பெயர் வேண்டாம், நடந்ததை எழுதுங்கள் என்று சொன்னார்.

நடந்தது இதுதான். ஒரு சனிக்கிழமை விடியற்காலை. செலாயாங் பசார் போரோங்கில் காய்கறி வாங்கிக்கொண்டு ஐந்து பேர் கோயில் வேனில் வந்துகொண்டிருந்தோம். சிவப்பு விளக்கில் நின்றோம். பின்னால் வந்த கார் பிரேக் பிடித்தும் நிற்காமல் வந்து இடித்தது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. இறங்கிப் பார்த்தோம், வேன் பம்பரில் லேசாக ஒரு தேய்ப்பு. அந்தக் காரின் முன் விளக்கு மட்டும் உடைந்திருந்தது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுக்கொண்டோம். ஆகவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னோம், அக்கா உட்பட. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு கோயிலுக்கு வந்து, மதியம் அவர் இருநூறு பேருக்குச் சமைத்தார்.

மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. கையால் தன் தலையைத் தானே பிடித்துத் தூக்கித்தான் எழுந்தாராம். கழுத்து மரக்கட்டை மாதிரி இறுகிவிட்டது. பின்மண்டையில் ஆரம்பித்து நெற்றி வரைக்கும் தலைவலி, இரண்டு தோளுக்கும் நடுவே எரிச்சல். குனிந்தால் லேசாகத் தலை சுற்றியது.

இதற்கு மருத்துவர்கள் விப்லாஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் சாட்டையடி. முனீஸ்வரர் பூஜையில் சாட்டை சுழற்றுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். கை அசைவது கொஞ்சம்தான், நுனிதான் சீறும். 1928-ல் ஹரோல்ட் குரோ என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் இந்தச் சொல்லை முதலில் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். கழுத்து எப்படி அசைகிறது என்பதைக் காட்டத்தான் அவர் அப்படிச் சொன்னார். பிறகு அதுவே காயத்தின் பெயராகிவிட்டது.

அந்த அசைவு எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி சந்தேகம் போய்விடும். தேர் வடம் பிடித்து முதல் இழுப்பு இழுக்கும்போது மேலே நிற்கும் குருக்களைக் கவனித்திருக்கிறீர்களா? தேர் முன்னால் போகும், அவர் உடம்பு பின்னால் சாயும். அதனால்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் இருந்து கார் இடிக்கும்போதும் அதேதான். வேன் முன்னால் தள்ளப்படுகிறது, சீட்டு நம் முதுகை முன்னால் தள்ளுகிறது. தலையைத் தள்ள அங்கே எதுவும் இல்லை. அது இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. தலையின் எடை நாலரை, ஐந்து கிலோ இருக்கும், கிட்டத்தட்ட ஒரு பாக்கெட் அரிசி. அதைத் தாங்குவது ஏழு சின்ன எலும்புகள். (ஒட்டகச்சிவிங்கிக்கும் கழுத்தில் ஏழு எலும்புதான், அது வேற கதை.) உடம்பு முன்னால் போய், தலை பின்தங்கும் அந்த நேரத்தில் கழுத்து பாம்பு மாதிரி வளைகிறது. கீழ்ப்பாதி பின்பக்கமாகவும் மேல்பாதி முன்பக்கமாகவும் ஒரே சமயத்தில் மடங்குகிறது. நாம் சாதாரணமாகக் கழுத்தை அப்படி மடக்கவே மாட்டோம். பிறகு தலை பின்னால் போய், முன்னால் வீசப்படுகிறது.

அந்தப் பாம்பு வளைவு வந்து போக ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். கழுத்துத் தசை சுதாரித்து இறுகுவதற்குள் வேலை முடிந்துவிடும். எலும்பு உடைவது அபூர்வம். எலும்புகளுக்கு நடுவில் உள்ள சின்ன மூட்டுகள், அவற்றைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள், தசைகள், இவைதான் இழுபட்டு நைந்துபோகின்றன. எக்ஸ்ரேயில் தெரிவது எலும்பு. நைந்த தசை அதில் தெரியாது. "எக்ஸ்ரே கிளியரா இருக்கு, அப்புறம் என்ன வலி" என்று கேட்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வலி அன்றைக்கே வராததற்கும் காரணம் உண்டு. விபத்து நேரத்துப் படபடப்பு வலியை மறைத்துவிடும். நைந்த இடம் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகுவதற்குப் பல மணி நேரம் ஆகும். பெரும்பாலோருக்கு அதே நாள் இரவோ, மறுநாள் காலையோதான் தெரிய ஆரம்பிக்கும். கீழே விழுந்த அன்றைவிட மறுநாள்தான் உடம்பு வலிக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

சரி, ஐந்து பேர் வேனில் இருந்தோம், அக்காவுக்கு மட்டும் ஏன்? இதையும் கேட்டார்கள். இடித்த நேரத்தில் அவர் பின்னால் திரும்பி, சரியும் தக்காளிக் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலை திரும்பியிருக்கும்போது இடி விழுந்தால் கழுத்து ஏற்கெனவே முறுக்கிய நிலையில் இருக்கிறது, காயம் கூடும். அவர் உட்கார்ந்திருந்த வரிசையில் ஹெட்ரெஸ்ட் குட்டையானது, தோளுக்குச் சற்று மேலே நின்றுவிடும். பொதுவாகவே இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் ஏற்படுகிறது. ஓட்டுநர் கண்ணாடியில் பின்னால் வரும் காரைப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டார். ஒரே வேன்தான், ஒரே இடிதான். ஆனால் ஐந்து கழுத்தும் ஐந்து விதமாக இருந்தன.

பம்பர் நசுங்கவில்லை என்பதைச் சாட்சியாகச் சொல்கிறார்களே, அதையும் பேசிவிடலாம். வண்டியின் இரும்பு நசுங்கும்போது இடியில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது. நசுங்காத வண்டியில் அந்தப் பங்கும் சீட்டு வழியாக உள்ளே இருக்கும் ஆளுக்குப் போகலாம். அதனால் ஒர்க்ஷாப் பில்லை வைத்து ஒருவர் கழுத்தை அளக்க முடியாது.

அக்கா வீட்டில் அன்றைக்கு இன்னொரு விஷயமும் நடக்கவிருந்தது. அவர் மாமியார் பாசத்தில் சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவரை வரச்சொல்லிவிட்டார். எண்ணெய் காய்ச்சி, பாய் விரித்தாகிவிட்டது. நல்லவேளை, எங்கள் குழுவில் இருக்கும் மிஸி அந்த நேரம் பார்த்துப் போன் செய்தார். "டாக்டர் பார்க்குற வரைக்கும் யாரும் கழுத்தைத் தொடக்கூடாது. திருகவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். மாமியாருக்குக் கோபம். "எங்க காலத்துல எக்ஸ்ரேயா இருந்துச்சு?" மிஸி அவரிடம் பொறுமையாகப் பேசினார். அடிபட்ட கழுத்தில் எலும்பு விரிசல் இருக்கிறதா என்பது தடவிப் பார்த்தால் தெரியாது. கழுத்துக்குள்ளேதான் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வேகமாகத் திருகினால் அவற்றின் உட்சுவர் கிழியலாம், பக்கவாதம்கூட வரலாம். எப்போதோ ஒருவருக்குத்தான் அப்படி ஆகும். ஆனால் ஆனவருக்கு அது முழுசாக ஆனதுதான்.

உருட் செய்கிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்களில் பலருக்கே முதுகு பிடித்தால் அவர்கள்தான் கதி. அடிபட்ட கழுத்துக்கு அது முதல் வைத்தியம் இல்லை, அவ்வளவுதான். முடி வெட்டும் கடையில் கடைசியாகத் தலையைப் பிடித்துப் 'படக்' என்று நெட்டி முறிப்பார்களே, விபத்து நடந்தவர்கள் அதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தம்பிமார்களே.

டாக்டர் பார்த்தார். நடுக்கழுத்து எலும்பை ஒவ்வொன்றாக அழுத்தினார், கை விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா, பிடியில் பலம் இருக்கிறதா என்று சோதித்தார், தலையை இரண்டு பக்கமும் எவ்வளவு திருப்ப முடிகிறது என்று பார்த்தார். 1995-ல் கனடாவின் கியூபெக்கில் ஒரு மருத்துவக் குழு இந்தக் காயத்தைப் படி பிரித்து வைத்தது, இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வலியும் இறுக்கமும் மட்டும் என்றால் முதல் படி. கழுத்தைத் திருப்புவதும் குறைந்து, தொட்டால் வலிக்கும் இடங்களும் இருந்தால் இரண்டாவது. நரம்பு பாதித்திருந்தால், அதாவது கை பலவீனமோ மரத்துப்போவதோ இருந்தால், மூன்றாவது. எலும்பு முறிவோ விலகலோ இருந்தால் நான்காவது. அக்காவுக்கு இரண்டாவது படி.

ஆறு வாரத்துக்குக் கழுத்துப் பட்டை போட்டுப் படுத்திருக்கச் சொல்வார்கள் என்று நினைத்துத்தான் நாங்கள் சமையலுக்கு ஆள் தேட ஆரம்பித்திருந்தோம். டாக்டர் நேர்மாறாகச் சொன்னார். பட்டை வேண்டாம், நாள்கணக்கில் படுக்கவும் வேண்டாம். வலிக்கு மாத்திரை, முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், வலி தாங்கும் அளவுக்குள் ஒரு நாளைக்குப் பல தடவை மெதுவாக இடம், வலம், மேல், கீழ் கழுத்தை அசைப்பது. வீட்டு வேலையில் லேசானது செய்யலாம், கனமானதைத் தூக்கக்கூடாது. அசைக்காமல் வைத்தால் தசை இன்னும் இறுகி பலம் இழந்துவிடும் என்றார். முன்பு இதற்குப் பட்டை போடுவது சாதாரணம். இப்போது பெரும்பாலும் அந்த வழக்கம் இல்லை. ஆம்புலன்ஸில் போடும் கெட்டிப் பட்டை வேறு, எலும்பு உடையவில்லை என்று உறுதியாகும் வரை அது. அதை நீங்களாகக் கழற்றாதீர்கள்.

பிசியோவில் தோள்பட்டையைப் பின்னால் இழுப்பது, முகவாயை உள்ளே இழுப்பது என்று சின்னச் சின்னப் பயிற்சிகள் கொடுத்தார்கள். பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அக்காவுக்கு முதல் வாரம் அதைச் செய்யவே கண்ணில் தண்ணீர் வந்தது. நாலாவது வாரம் காரை ரிவர்ஸ் எடுக்கத் திரும்பிப் பார்க்க முடிந்தது என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

நிறைய பேருக்குச் சில வாரங்களில், சில மாதங்களில் இது குறைந்துவிடும். சிலருக்கு வருஷக்கணக்கில் நீளும். ஆரம்பத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்களுக்கும், பயமும் மனக்கவலையும் அதிகம் உள்ளவர்களுக்கும் குணமாக அதிக நாள் ஆகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வலியில் இருக்கும் ஒருவரிடம் 'நடிக்கிறாய்' என்று சொல்வது அவர் மனசோடு நிற்காது என்று நாங்கள் நினைக்கிறோம். ஐந்தாவது வாரத்தில் அக்கா நன்றாகத்தான் இருந்தார். அந்தப் பேச்சு காதுக்குப் போன வாரம் தூக்கம் போனது, தலைவலி திரும்பியது. பயிற்சியையும் விட்டுவிட்டார். எங்களில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினோம். "நான் இல்லாத காசுக்கு ஏன்டா என் கழுத்தை அடகு வைக்கணும்?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறோம். சாலையில் ஓடும் எந்த வண்டிக்கும் மற்றவர்களுக்கு ஏற்படும் உடல் காயத்துக்கான இன்சூரன்ஸ் கட்டாயம். நீங்களும் வருஷா வருஷம் ரோட்டெக்ஸ் எடுக்கும்போது கட்டுகிறீர்கள். அடிபட்டவர் கேட்பதற்காகத்தான் அது இருக்கிறது. அக்கா கேட்டாரா, கேட்கவில்லையா என்பது அவர் குடும்ப விஷயம், அதை இங்கே எழுத மாட்டோம். கேட்டிருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இதற்கு நடுவில் ஆடித் திருவிழா. அக்காவுக்குப் பால்குட வேண்டுதல். மகன் பிறந்ததிலிருந்து ஒரு வருஷமும் விட்டதில்லை. பால்குடம் தலையில். நிறைகுடம், ஊர்வலம் ஒரு மணி நேரத்துக்கு மேல், நடுவில் உறுமி அடிக்க நின்று நின்று போகும். பிசியோவில் கேட்டதற்கு, தலையில் எடை வைக்கவே கூடாது, இன்னும் மூன்று மாதம் போகட்டும் என்றார்கள். அக்கா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் புடவை எடுத்து வைத்துவிட்டார் என்று அவர் மகன் வந்து சொன்னான். அன்றைக்கு நாங்கள் பட்ட கவலை அம்மனுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? சொல்லாமல் இருந்து, பாதி வழியில் கழுத்து சரிந்தால்?

குருக்களிடம் போனோம். அவர் அக்காவை வரச்சொல்லி, எங்களையும் வைத்துக்கொண்டே கேட்டார்: "குடத்தை நீ தலையிலதான் கொண்டு வரணும்னு அம்மா எப்ப சொன்னா?" சின்னச் செம்பில் பால் ஊற்றி, நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவரச் சொன்னார். நடக்க முடியும் வரை நட, முடியாவிட்டால் கோயில் வாசலில் இருந்து நட என்றார். அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எல்லாரும் பார்ப்பாங்களே சாமி" என்றார். குருக்கள், "பார்க்கட்டும்" என்றார்.

செம்போடு வந்தார். முழு வழியும் நடந்தார். மகன் பக்கத்தில் குடையோடு. பார்த்தவர்கள் இந்தப் பதிவைப் படிக்கிறீர்கள் என்று தெரியும்.

இனி நம் எல்லோருக்குமான விஷயம். அடிபட்ட பிறகு கையோ காலோ மரத்துப்போனால், பலம் குறைந்தால், நடை தள்ளாடினால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால், பேச்சு குளறினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், வாந்தியோடு தலைவலி கூடிக்கொண்டே போனால், காத்திருக்காமல் உடனே 999. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 995. நடுக்கழுத்து எலும்பில் தொட்டால் வலித்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. 65 வயது தாண்டியவர்கள் சின்ன இடி என்றாலும் போய்க் காட்டிவிடுங்கள், அவர்கள் எலும்பு விஷயம் வேறு. சாலையில் விபத்தைப் பார்த்தால், தீயோ வேறு ஆபத்தோ இல்லாதவரை ஆளை வண்டியிலிருந்து இழுத்து எடுக்காதீர்கள். மோட்டாரில் விழுந்தவரின் ஹெல்மெட்டை, மூச்சுக்குத் தடை இல்லை என்றால், கழற்றாதீர்கள். உதவி செய்கிறோம் என்று நாலு பேர் நாலு பக்கம் தூக்குவதைப் பார்த்திருக்கிறோம், நெஞ்சு பதறுகிறது. மலேசியாவில் விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பது சட்டம். மறுநாள் வலி வந்தால் அந்த ரிப்போர்ட் இருப்பது எவ்வளவு உதவி என்று எங்களுக்கு இப்போது தெரியும்.

காரில் ஏறியதும் ஹெட்ரெஸ்ட்டைப் பாருங்கள். பெயரில் ரெஸ்ட் இருந்தாலும் அது சாய்ந்து தூங்குவதற்கு இல்லை. அதன் மேல்முனை உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு வர வேண்டும், குறைந்தது காதின் மேல்பக்கத்துக்காவது. பின்மண்டைக்கும் அதற்கும் நடுவே மூன்று, நாலு விரல் இடைவெளிக்கு மேல் இருக்கக்கூடாது. கடையில் வாங்கியபோது அமுக்கி வைத்தபடியே பத்து வருஷம் ஓடும் கார்கள் நம் கோயில் வாசலிலேயே நிறைய நிற்கின்றன. பின் சீட்டில் பெல்ட் 2009-லிருந்து இங்கே கட்டாயம், பாட்டிக்கும் சேர்த்துத்தான்.

கோயில் வேனின் நடு வரிசைக்கு உயரமான ஹெட்ரெஸ்ட் உள்ள சீட்டு மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தோம், ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் வேலை முடியும். இனிமேல் காய்கறிக் கூடைகள் கடைசியில் வலை கட்டித்தான் வரும், யாரும் திரும்பிப் பிடிக்க வேண்டியதில்லை.

அக்கா இந்த ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டுக்கு வருகிறார். நாற்காலியில் உட்கார்ந்து உப்பு புளி சொல்வார், அண்டா தூக்க மாட்டார். அண்டா தூக்க மூன்று பேர், காய் நறுக்க ஐந்து பேர் தேவை. காலை 6 மணிக்கு வரமுடிந்தவர்கள் கீழே பெயர் போடுங்கள். கத்தி கொண்டு வர வேண்டாம், இங்கே இருக்கிறது.